காரை மெலியவைக்க ஆறு பகிடி ஆலோசனைகள் (ஆறையும் யாரோ உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள்)

நவம்பர் பிறந்தால் பலெர்மோவில் ஒரு வகைக் கார்கள் காணாமல் போய்விடும். கோடையில் மொண்டெல்லோ கடற்கரை வீதியில் சத்தம் போட்டுத் திரிந்த சிவப்பு, மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு கராஜுக்குள் நித்திரைக்குப் போய்விடும். எங்களில் பலருடைய அம்மா அப்பாமார் இந்த ஊரின் பெரிய வீடுகளில் வேலை செய்தவர்கள். அந்த வீடுகளின் கராஜ் மூலையில் போர்வைக்குள் படுத்திருக்கும் காரைத் தொடாமல் சுற்றிவரக் கூட்டத் தெரிந்தவர்கள். அதனால் இந்தக் கதை எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம்தான்.

குளிர்காலத்தில் காரை நிறுத்தி வைப்பவர்களுக்கு ஒரு பழைய பகிடி ஆலோசனை உண்டு. "சும்மாதானே நிற்கப்போகுது, கிழமைக்கு ஒரு சாமானைக் கழற்றி எறி. வசந்தத்துக்கு வெளியே எடுக்கும்போது பாரம் பாதியாகியிருக்கும், வேகம் இரண்டு மடங்காகியிருக்கும்." பின் சீற்றைக் கழற்று, றேடியோவைக் கழற்று, கடைசியில் மனிசியையும் இறக்கிவிடு என்று அது நீண்டுகொண்டே போகும்.

இந்தப் பகிடியைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இதில் சொல்லப்படும் கிறுக்குத்தனங்கள் எல்லாவற்றையும் பெரிய பொறியியலாளர்கள் உண்மையாகவே செய்திருக்கிறார்கள். அவற்றில் சிலதைச் செய்ததே எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் மலைகளுக்காகத்தான்.

ஏன் இந்த மலைகள்?

பலெர்மோவிலிருந்து கிழக்கே போனால் மடோனியே மலைகள் வரும். குளிர்காலத்தில் பனி பார்க்கவேண்டும் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்களே, அதே இடம். இந்த மலைகளைச் சுற்றி 1906ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி ஒரு கார் ஓட்டப்போட்டி நடந்தது. பெயர் தார்கா ஃபுளோரியோ. நடத்தியவர் வின்செந்சோ ஃபுளோரியோ. அப்போது அவருக்கு வயது 23.

ஃபுளோரியோ குடும்பம் பலெர்மோவின் பெரிய பணக்காரக் குடும்பம். பரம்பரையின் தொடக்கம் என்ன தெரியுமா? வாசனைச் சரக்கும் மருந்துச் சரக்கும் விற்ற ஒரு கடை. அதற்குப் பிறகுதான் மார்சாலா வைன், கப்பல் கம்பனி, ஃபவிஞ்ஞானா தீவின் சூரை மீன் தொழில் எல்லாம் வந்தன. அந்தக் காசில் வளர்ந்த கடைக்குட்டிக்குக் கார்ப் பைத்தியம்.

முதல் போட்டியில் ஓடியவை 10 கார்கள். ஒரு சுற்று சுமார் 148 கிலோமீற்றர், மொத்தம் 3 சுற்று. இத்தாலா காரில் வந்த அலெஸ்ஸாந்திரோ காஞ்ஞோ வென்றார். அவருக்கு ஒன்பதரை மணித்தியாலம் எடுத்தது. சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீற்றர் அளவில். இன்று ஒரு வெஸ்பா கூட முந்திவிடும் என்று சிரிக்கவேண்டாம். அப்போது அங்கே இருந்தது ஆடு மாடு நடக்கும் மண் பாதை.

பின்னாளில் சுற்று 72 கிலோமீற்றராகச் சுருங்கியது. செர்டாவுக்குப் பக்கத்தில் தொடங்கி, கால்தவுத்தூரோ, கொல்லெசானோ, கம்போஃபெலிச்சே என்று ஊர்களுக்குள்ளாலேயே போய், கடற்கரையோரம் சில கிலோமீற்றர் நேர்வீதியில் வந்து முடியும். வளைவுகள் 800க்கும் மேல் என்று கணக்குச் சொல்வார்கள். நேர்வீதியில் வெல்ல வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் போதும். வளைவுக்கு வளைவு பிறேக் பிடித்து, திருப்பி, மறுபடியும் வேகம் எடுக்கிற இடத்தில் பாரம்தான் எதிரி. கணக்கு எளிது. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கார்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு பாரம் என்றால், அதை நிறுத்தும்போது பிறேக் விழுங்கவேண்டிய சக்தியும் இரண்டு மடங்கு. அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறும். ரயர் தேயும், பிறேக் களைக்கும், கூடவே சாரதியும் களைப்பார்.

போட்டி பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும். ஆகவே குளிர்காலம்தான் பட்டறைகளில் காரை மெலியவைக்கும் காலம். இனி ஆலோசனைகளுக்கு வருவோம்.

ஆலோசனை 1: எங்கே உலோகம் தெரிகிறதோ அங்கே ஓட்டை போடு

1931இல் மெர்சிடிஸ் இதைத்தான் செய்தது. எஸ்.எஸ்.கே.எல். என்ற காரின் கடைசி எழுத்தான 'எல்', 'பாரமற்றது' என்ற பொருள் தரும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. காரைத் தாங்கும் உருக்குச் சட்டத்தில் வரிசை வரிசையாக வட்ட ஓட்டைகள் போட்டார்கள். நூறு கிலோவுக்கும் மேல் குறைந்தது. அந்தக் காரில் றூடொல்ஃப் கராச்சியோலா அதே வருடம் மில்லே மிலியா போட்டியை வென்றார். இத்தாலியர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் தடவை.

ஓட்டை போடுவது வடை சுடுவது மாதிரி இல்லை. எந்த இடத்தில் விசை போகிறது, எந்த இடத்தில் உலோகம் சும்மா இருக்கிறது என்று தெரிந்துதான் போடவேண்டும். பிழையான இடத்தில் போட்டால் அங்கேதான் வெடிப்பு தொடங்கும்.

ஆலோசனை 2: பெயின்ற்றும் பாரம்தானே, சுரண்டு

இது உலகப் புகழ்பெற்ற கதை. 1934இல் கார்களின் பாரம் 750 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. ஜேர்மனியில் நூர்பர்க்ரிங் போட்டிக்கு முதல் நாள் மெர்சிடிஸ் காரை நிறுத்துப் பார்த்தால் 751. இரவோடிரவாக வெள்ளைப் பெயின்ற்றைச் சுரண்டினார்கள், அலுமினியம் வெள்ளியாகப் பளபளத்தது, 'வெள்ளி அம்புகள்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்று அணியின் மனேஜர் அல்ஃபிறெட் நொய்பவர் பிறகு எழுதினார்.

வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. அந்தக் குறிப்பிட்ட போட்டிக்கு 750 கிலோ விதியே பொருந்தவில்லை என்று காட்டுகிறார்கள். ஆனால் நல்ல கதையை உண்மை துரத்திப் பிடிப்பது கஷ்டம். எங்கள் ஊர் அம்மாமாரின் கதைகளும் அப்படித்தானே.

பெயின்ற்றைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. இது சிசிலியில் நடந்தது. 1924இல் தார்கா ஃபுளோரியோவுக்கு வந்த மெர்சிடிஸ் அணி, ஜேர்மனியின் வெள்ளை நிறத்தை விட்டுவிட்டு இத்தாலியின் சிவப்பைப் பூசிக்கொண்டு வந்தது. வெளிநாட்டுக் கார் என்று தூரத்திலேயே தெரிந்தால் உள்ளூர் ரசிகர்கள் வழிவிடமாட்டார்கள், கல்லும் எறிவார்கள் என்ற பயம். சிவப்பு என்றால் தங்கள் ஆள் என்று நினைத்துவிடுவார்கள். கிறிஸ்டியன் வேர்னர் வென்றார். அந்தக் காரை வடிவமைத்த அணிக்குத் தலைவராக இருந்தவர் ஃபெர்டினான்ட் பொர்ஷே. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இன்னொரு நாட்டில் தப்பிப் பிழைக்க அந்த நாட்டின் நிறத்தைப் பூசிக்கொள்வது என்றால் என்ன என்று இங்கே வளர்ந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆலோசனை 3: பக்கத்தில் இருக்கும் ஆளை இறக்கிவிடு

அந்தக் காலத்து றேஸ் கார்களில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் இருப்பார். ஆள் எழுபது கிலோ என்றால் எழுபது கிலோ பாரம். இறக்கிவிட்டால் என்ன?

1930ஆம் ஆண்டைப் பாருங்கள். 1925 முதல் 1929 வரை ஐந்து வருடம் தொடர்ந்து புகாட்டிக் கார்கள்தான் தார்கா ஃபுளோரியோவை வென்றிருந்தன. எஞ்சினைப் பெரிதாக்குவதை விடப் பாரத்தைக் குறைப்பதில் கவனம் வைத்த கார்கள் அவை. முன் அச்சைக் கூட உள்ளே வெறுமையாகக் குழாய் போலச் செய்திருந்தார்கள். அவற்றை முறியடிக்க வந்தவர் அக்கிலே வார்சி. கார் அல்ஃபா றோமியோ பி2. பின்னால் கட்டியிருந்த மேலதிக சில்லின் ஆட்டத்தால் பெற்றோல் தாங்கி பழுதாகி ஒழுகியது. ஓடும் காரிலேயே மெக்கானிக் திரும்பி நின்று பெற்றோல் ஊற்ற, அது சிந்தித் தீப்பிடித்தது. வார்சி காரை நிறுத்தவில்லை. மெக்கானிக் தன் சீற்றின் மெத்தையை உருவி எடுத்துத் தீயை அடித்து அணைத்தார். வார்சி வென்றார்.

மெக்கானிக்கும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம் என்று கழற்றி எறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆலோசனை 4: காந்தத்தோடு சுற்று, ஒட்டுவதை எல்லாம் எறி

ஃபெர்டினான்ட் பொர்ஷேயின் பேரன் ஃபெர்டினான்ட் பியெஹ். 1960களில் பொர்ஷே கம்பனியின் றேஸ் கார்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் பட்டறைக்குள் கையில் காந்தத்தோடு வருவார் என்று சொல்லப்படுகிறது. எந்தத் துண்டில் காந்தம் ஒட்டுகிறதோ அது உருக்கு. அதை அலுமினியமாகவோ டைட்டானியமாகவோ மக்னீசியமாகவோ மாற்று என்பார்.

இந்தப் பைத்தியத்தின் உச்சம் 1968இல் மலையேற்றப் போட்டிகளுக்காகச் செய்த 909 என்ற கார். அதன் பாரம் 400 கிலோவுக்கும் குறைவு. பெற்றோல் பம்ப் பாரம் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு டைட்டானியத்தில் ஒரு சின்ன உருண்டைத் தாங்கி. உள்ளே வாயு அழுத்தம். அந்த அழுத்தமே பெற்றோலை எஞ்சினுக்குத் தள்ளும். பிறேக் தட்டுகளைப் பெரிலியத்தில் செய்தார்கள். உருக்கை விட எவ்வளவோ இலேசானது. விலையோ பயங்கரம், அதன் தூசி நச்சு. இவ்வளவும் செய்து அந்தக் கார் இரண்டே போட்டிகளில்தான் ஓடியது, ஒன்றையும் வெல்லவில்லை.

ஆலோசனை 5: பெயர்ச்சின்னத்தைக் கழற்றிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டு

இதுவும் உண்மை. 1972இல் வந்த பொர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். காரின் பாரம் குறைந்த வகையில் முன்பக்கம் இருக்கவேண்டிய உலோகச் சின்னத்துக்குப் பதிலாக ஸ்டிக்கர்தான். பின் சீற் இல்லை. மணிக்கூடு இல்லை. கதவின் உட்பக்கம் பிடிக்குப் பதிலாக ஒரு பட்டி, இழுத்துச் சாத்தவேண்டும். பாரம் 960 கிலோ. எல்லாச் சாமானும் உள்ள அதே கார் நூறு கிலோவுக்கும் மேல் கூட. இன்று அந்தச் சாமான் இல்லாத காருக்குத்தான் விலை அதிகம். 1973இல் அதன் றேஸ் வடிவம் தார்கா ஃபுளோரியோவையே வென்றது.

இதே கம்பனியின் 917இல் கியர் மாற்றும் தடியின் குமிழைப் பால்சா மரத்தில் செய்தார்கள். மொடல் விமானம் செய்வோமே, அந்த மரம். சில கிராம் மிச்சம்! அதே நேரம் அந்தக் காரின் குழாய்ச் சட்டத்துக்குள் அழுத்தமாக வாயு அடைத்து ஒரு மானியும் பொருத்தினார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ ஒட்டுவேலை வெடித்துவிட்டது என்று அர்த்தம். குழாயை அவ்வளவு மெல்லியதாக்கிவிட்டோம், அது எப்போது உடையும் என்று தெரியவேண்டுமே என்ற பயம் அவர்களுக்கே இருந்தது. இந்த மானியைப் பற்றி வாசித்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஆலோசனை 6: சாரதியின் காலை முன்னுக்குத் தள்ளு

1970. பியெஹின் அணி தார்கா ஃபுளோரியோ போன்ற வளைவுச் சுற்றுகளுக்கென்றே ஒரு காரைச் செய்தது. 908/03. பாரம் சுமார் 545 கிலோ, எஞ்சின் மூன்று லீற்றர். பிளாஸ்ரிக் வெளியுடல் முழுவதும் சேர்த்து 12 கிலோ. கடையில் வாங்கும் 20 கிலோ அரிசி மூட்டையை விடக் குறைவு. பாரத்தைச் சரியாகப் பரப்புவதற்காகக் கியர்ப்பெட்டியை முன்னுக்கு நகர்த்தினார்கள், எஞ்சின் முன்னுக்கு வந்தது, அதனால் சாரதியும் முன்னுக்கு வந்தார். அவருடைய பாதங்கள் முன் சில்லுகளின் அச்சையும் தாண்டி நின்றன. மோதினால் முதலில் படுவது கால்.

அந்த வருடம் இளநீலப் பொர்ஷேக்கள் சீட்டுக்கட்டு அடையாளங்களோடு வந்தன. தூரத்திலிருந்தே எது எந்தக் கார் என்று அணிக்குத் தெரியவேண்டுமே. யோ சிஃபேர்ட்டும் பிரையன் றெட்மனும் வென்றார்கள். லியோ கின்னுனன் ஒரு சுற்றை 33 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். அந்த வளைவுகளில் சராசரி மணிக்கு 128 கிலோமீற்றருக்கும் மேல். அந்தச் சுற்றில் அதை யாரும் முறியடிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர்களில் ஒருவர் நீனோ வக்கரெல்லா. பலெர்மோவில் பிறந்தவர், பள்ளிக்கூட அதிபர். கிழமை நாட்களில் பள்ளிக்கூடம், மே மாதத்தில் றேஸ். 'பறக்கும் அதிபர்' என்று பட்டம். மலைகளில் சுவருக்குச் சுவர் அவர் பெயரைப் பெயின்ற்றால் எழுதி வைத்திருந்தார்கள். அன்று அவர் ஓட்டிய ஃபெராரி 512இன் எஞ்சின் ஐந்து லீற்றர், பாரம் 800 கிலோவுக்கும் மேல். இலேசான சின்னக் கார் பாரமான பெரிய காரை வென்ற நாள் அது.

அடுத்த வருடம்

1971இல் அதே பொர்ஷேக்கள் திரும்ப வந்தன. முதல் சுற்றிலேயே றெட்மனின் காரில் ஸ்டியரிங் உடைந்தது. கார் மோதித் தீப்பிடித்தது. முந்திய வருடம் வெற்றி மேடையில் நின்ற மனிதர் கடுமையான எரிகாயங்களோடு உயிர் தப்பினார். அன்று வென்றவர் யார் தெரியுமா? எங்கள் அதிபர் வக்கரெல்லா, ரொய்ன் ஹேஸெமான்ஸோடு, அல்ஃபா றோமியோவில். அவர் 1965இல் ஃபெராரியில் வென்றவர், 1975இலும் வென்றார். 2021இல் காலமானார்.

1973இற்குப் பிறகு இந்தப் போட்டி உலகச் சாம்பியன் வரிசையில் இல்லை. கார்கள் வேகமாகிக்கொண்டே போயின, வீதியும் வீட்டு வாசல்களும் அப்படியே இருந்தன. 1977இல் ஒரு கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். பழைய வடிவத்துக்கு அது கடைசி வருடம். பிறகு றாலியாக மட்டும் தொடர்கிறது.

எங்கள் பக்கத்திலும்

இந்தக் கணக்கு ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பற்றி உங்கள் அப்பாமாரிடம் கேட்டுப்பாருங்கள். தமிழ்நாட்டில் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் வருடக்கணக்காக றேஸ் நடந்தது. அந்தக் காலத்து ஆள் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒற்றைச் சீற் றேஸ் கார் செய்தார். அந்த எஞ்சினிடம் பெரிய பலத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அதைச் சுற்றியுள்ள காரை இலேசாக்கினார். அப்படி வந்த ஃபோர்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்முலா 1 ஓட்டினார். கரிவரதன் 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். கோவையின் றேஸ் தடத்துக்கு அவருடைய பெயர்தான்.

ஆகவே, உண்மையான ஆலோசனை

பெடியளுக்கு இதை நேரடியாகச் சொல்கிறேன். பழைய கார் ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்து, பின் சீற்றையும் பட்டியையும் காற்றுப்பையையும் கழற்றிப் "பாரம் குறைக்கிறோம்" என்கிற ஆட்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். பியெஹின் அணி ஒரு கிராமைக் குறைக்க முதல் கணக்குப் போட்டது, சோதித்தது, உடைந்தால் காட்ட மானி வைத்தது. அப்படியும் றெட்மன் எரிந்தார். உங்கள் கராஜில் அந்த மானி இல்லை. இத்தாலியில் சீற்றைக் கழற்றி ஓட்டினால் காரின் பதிவுப் பத்திரத்தோடு பொருந்தாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

குறைக்க ஆசையென்றால் டிக்கியைத் திறவுங்கள். கோடையிலிருந்து கிடக்கும் கடற்கரைக் கதிரை, தண்ணிப் போத்தல் கட்டு, யாரோ மறந்துவிட்ட இரண்டு அரிசிப் பை. பத்துப் பதினைந்து கிலோ சும்மா இறங்கும். கிட்டத்தட்ட 908/03இன் வெளியுடல் அளவு.

குளிர்காலத்துக்கு நிறுத்தி வைப்பதென்றால்: பற்றரியைக் கழற்றுங்கள், அல்லது மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவியில் விடுங்கள். உலோகத் தாங்கி உள்ள பழைய கார் என்றால் பெற்றோலை நிரப்பி வையுங்கள். வெறும் இடம் இருந்தால் ஈரக்காற்று உள்ளே தண்ணீராகும். ரயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடியுங்கள், ஒரே பக்கமாகத் தட்டையாகாமல் இருக்க. கைப்பிறேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். இங்கே பனிக்கட்டியை விடக் கடல் உப்பும் ஷிறொக்கோக் காற்று கொண்டுவரும் சகாராத் தூசியும்தான் பிரச்சினை. கழுவிக் காயவைத்து, காற்றுப் போகும் துணியால் மூடுங்கள். பிளாஸ்ரிக் வேண்டாம்.

காரே இல்லாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செர்டாப் பக்கம் போங்கள். ஃபுளோரியோபொலி என்று கேட்டால் காட்டுவார்கள். வீதியோரத்தில் பழைய பார்வையாளர் மேடையும் பிட் கட்டடங்களும் இன்னும் நிற்கின்றன. கொல்லெசானோவில் தார்கா ஃபுளோரியோவுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு. போகும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டு போங்கள். வாந்தி வருகிற ஆட்கள் முன் சீற்றில் இருக்கவும்.